பிரசவ வார்டு சிஸ்டருக்கு நன்றி

எங்கள் மகள் இறந்தே பிறந்த அந்த இரவில் வார்டில் பணியில் இருந்த சிஸ்டருக்கு இதை எழுதுகிறேன். உங்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளும் நிலையில் நாங்கள் இல்லை.

"தாய்க்குக் காட்ட வேண்டாம், மனசு தாங்காது" என்று சொல்லி, பெரியவர்கள் உடனே அடக்கத்துக்குக் கிளம்பினார்கள். பாசத்தில்தான். நீங்கள் மட்டும் என் பக்கத்தில் வந்து, "பாக்கணுமாம்மா? அவசரமே இல்ல" என்று கேட்டீர்கள். அதனால்தான் அவளை என் மடியில் வாங்கினேன். அவளுடைய அப்பா அவள் காதில் மூன்று முறை பெயர் சொன்னார். பிஞ்சுப் பாதங்களை மையில் பதித்து நீங்கள் கொடுத்த தாள் எங்கள் பீரோவில் இருக்கிறது. பார்க்க வேண்டாம் என்று நினைக்கும் தாயும் உண்டு, அதுவும் சரிதான். ஆனால் அவளிடம் கேட்க வேண்டும்.

அப்புறம், பால் கட்டும் என்று வேறு யாருமே சொல்லவில்லை. மார்பை இறுக்கிக் கட்டாதே, குளிர்ந்த துணி வை, வற்றுவதற்கான மாத்திரை பற்றி டாக்டரிடம் கேள் என்றீர்கள். இறந்தே பிறந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்று என் கணவரிடம் நினைவூட்டினீர்கள்.

விடுப்பு பற்றி நீங்கள் சொன்னதும் பெரிய உதவி. அப்போது நடைமுறையில் இருந்த மகப்பேறு நலச் சட்டம், 1961-இன்படி இறந்து பிறந்த குழந்தையும் குழந்தைதான். அலுவலகத்தில் கருச்சிதைவுக்கான 6 வாரம்தான் என்றார்கள். சட்டத்தைக் காட்டியதும் 26 வாரமும் கொடுத்தார்கள்.

ரொம்ப நன்றி சிஸ்டர்.