படத்தில் இல்லாத அண்ணாச்சிக்கு

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டை மார்க்கெட் முனையில் ஒரு வாரமாகத் தொங்கிய ஃப்ளெக்ஸ் பேனரை நேற்று இரவு நானே ஏணி வைத்து அவிழ்த்துவிட்டேன். பனிமலையை வென்றவர்கள் என்று மூன்று பேரின் படத்தைப் போட்டிருந்தார்கள்; மலைக்குப் போனது ஐந்து பேர். கடைக்கு வருகிறவர்கள் விசாரித்தால், "நான் பாதி மலைக்காரன்லா" என்று சிரித்தபடியே நீங்கள் பொட்டலம் கட்டுவதை இரண்டு முறை பார்த்துவிட்டேன். ஊர் பார்க்கத் தொங்கிய ஒன்றுக்கு மறுமொழியும் ஊர் பார்க்கவே இருக்கவேண்டும் என்பதால்தான் இதை உங்களுக்குத் தனியாக அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

இமயமலையில் கேதார்காந்தா சிகரத்துக்குப் போன இந்தப் பயணமே உங்கள் யோசனை. ஓராண்டு முழுவதும் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்களை வ.உ.சி. மைதானத்தில் சுற்றவிட்டதும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்துக்கு அழைத்துப்போய், அகத்தியர் அருவியிலிருந்து கல்யாண தீர்த்தத்துக்குப் போகும் படிகளில் ஆளுக்குப் பத்துக் கிலோ அரிசியை முதுகில் ஏற்றி ஏறி இறங்கச் செய்ததும் நீங்கள்தான். (அந்த அரிசி பிறகு கடைக்கே திரும்பி விற்பனைக்குப் போனதா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.) திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, டெல்லியிலிருந்து டேராடூன், அங்கிருந்து வேனில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வளைவுச் சாலை, மலையடிவாரத்துச் சாங்க்ரி கிராமத்தில் இறங்கியபோது எங்களில் தெளிவாக இருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நமக்குப் பனி என்றால் மார்கழியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ள வைக்கும் பனிதான். வெயில் ஏறினால் போய்விடும். ஏறும் வழியிலிருக்கும் ஜூடா கா தாலாப் ஏரிக்கரையில் அதே சொல்லுக்கு முழங்கால் ஆழம் இருந்தது. மிதித்தால் புதுக் கோலமாவை விரலால் நெரிப்பதுபோல் ஒரு சத்தம். அங்கே இரவில் தண்ணீர்ப் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்திவைக்க வேண்டும். நீர் மேலிருந்து உறைவதால், நிமிர்த்தி வைத்தால் காலையில் மூடிப்பக்கம் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் சாங்க்ரியில் வழிகாட்டி சொன்னபோது நாங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரச் செய்யும் என்று அவர் சொன்னதும், ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு டஜன் பனியனையும் வாய் பேசாமல் மூட்டை கட்டி வேனிலேயே விட்டுவிட்டீர்கள்.

கேதார்காந்தாவின் உயரம் சுமார் 12,500 அடி, அதாவது ஏறத்தாழ 3,800 மீட்டர். நம் பொதிகையின் உச்சியே 1,868 மீட்டர்தான். சாங்க்ரி கிராமமே அதைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. சிகரத்தின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் நம் ஊரில் கிடைப்பதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆக்சிஜன் குறைவாகவே கிடைக்கும். உடம்பு அதற்குப் பழக நாளாகும் என்பதால்தான், 3,000 மீட்டரைத் தாண்டியபின் ஒரு நாளில் உறங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்கிறார்கள். இரண்டாம் நாள் நாம் அந்தக் கணக்கை மீறித்தான் பேஸ் கேம்புக்குப் போனோம். யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது ஆளின் பலத்தைப் பொறுத்ததன்று. நம் கூட்டத்தில் இளையவன், கபடி ஆடுகிறவன், அரிசி மூட்டையோடு படிகளில் ஓடியவன், அவனுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரியாதது.

அன்று இரவு கூடாரத்தில் பருப்பும் சோறும் வந்தபோது, தலைவலி யாருக்காவது உண்டா என்று வழிகாட்டி கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டினான். நான் அவன் தட்டைப் பார்த்தேன். ஒரு கவளம்கூடக் குறையவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, தல விண்ணுவிண்ணுன்னு தெறிக்கி. அண்ணாச்சிட்ட மட்டும் சொல்லிராதிய" என்றான். என் பையிலிருந்து ஒரு பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். அவன்மேல் இருந்த இரக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. விஷயம் தெரிந்தால் நீங்கள் விடிந்ததும் எல்லோரையும் கீழே இறக்கிவிடுவீர்கள் என்றும், இரண்டு இரவு ரயிலில் வந்து உச்சியைத் தொடாமல் ஊருக்குப் போவதா என்றும் நினைத்தேன். மாத்திரை வலியைத்தான் அடக்கும். உயரம் செய்யும் வேலையை அது நிறுத்தாது என்பதை அறியாதவனும் அல்லன் நான்.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். வெயில் பட்டால் பனி இளகிக் கால் புதையும் என்பதால் இருட்டிலேயே ஏறவேண்டியிருந்தது. காலணியில் மாட்டிய இரும்பு முட்கள் இறுகிய பனியைக் கடிக்கும் சத்தமும் மூச்சிரைப்பும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நாலரை மணி இருக்கும், முன்னால் போன அவன் இரண்டு முறை பக்கவாட்டில் சாய்ந்தான். வழுக்குகிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். நீங்கள் மட்டும் அருகே போய், நெற்றி விளக்கைப் பனியில் அடித்து, "ஏலே, இந்த வெளிச்சத்துலயே நேரா நட பாப்போம். குதிங்காலும் பெருவிரலும் ஒட்டணும்" என்றீர்கள். ஆறாவது அடியில் அவன் இடப்பக்கம் சரிந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நடை தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம், உடனே இறக்கவேண்டும், காத்திருக்கக்கூடாது என்பது உங்கள் நோட்டில் அடிக்கோடிட்டு இருந்ததைப் பிறகு பார்த்தேன். அப்போது நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "இவன நான் கொண்டுபோறேன். நீங்க ஏறுங்கலே, எல்லாரும் திரும்புனா இவன் மனசு கெட்டுப்போவும்." வழிகாட்டிகளில் ஒருவர் உங்களோடு வந்தார். கம்பளிக் கையுறையைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து உடன்குடிக் கருப்பட்டித் துண்டு ஒன்றையும் திணித்தீர்கள். இரண்டு விளக்குகள் ஆடி ஆடிக் கீழே இறங்குவதை ஒரு நிமிடம் பார்த்தேன்; பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சியில் கல் அடுக்கிய சிறு கோயிலும் சூலமும் இருந்தன. விடிந்தபோது கிழக்கே ஸ்வர்காரோகிணி ஓரத்திலிருந்து சிவந்தது. சொர்க்கத்துக்கு ஏறுவது என்றுதான் அந்தப் பெயருக்குப் பொருள். பாண்டவர்கள் கடைசியாக வடக்கே நடந்து போன கதை நினைவுக்கு வந்தது. மனைவியும் தம்பிகளும் ஒவ்வொருவராக விழும்போது திரும்பியும் பாராமல் நடந்த தருமன், கூட வந்த நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறமாட்டேன் என்று நின்றான். அதைத்தான் அவன் தருமத்துக்குச் சான்றாக எப்போதும் சொல்வார்கள். திரும்பிப் பாராததைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கருப்பட்டியை வாயில் போட்டேன். கல்லாக இறுகியிருந்தது, கன்னத்தில் ஒதுக்கி வெகுநேரம் வைத்திருந்தும் கரையவில்லை. அந்தப் பேனரில் நான் சிரிக்கும் படம் அதற்குச் சற்று முன்னால் எடுத்தது.

ஏரிக்கரைக்கு நாங்கள் இறங்கி வந்தபோது அவன் போர்வைக்குள் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான், நீங்கள் அவன் கால்விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். "பாத்தியளா, எப்படி இருந்துச்சு?" என்று முதலில் கேட்டதும் நீங்கள்தான். அப்போதே சொல்லியிருக்கவேண்டும்.

சின்னப் பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போய்ச் சாகக் கிடத்தினார் என்று அவன் அம்மா ஊரில் உங்களைப் பேசியதும், அதற்கு நீங்கள் ஒரு வார்த்தை பதில் சொல்லாததும் எனக்கு இரண்டு வாரமாகத் தெரியும். நேற்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போய் தட்டில் மீந்த சோற்றையும், மாத்திரையையும், நான் வாய் திறக்காததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இது அண்ணாச்சிக்குத் தெரியுமாய்யா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

உங்கள் கையுறை என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மைதானத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
பேனரில் இடமிருந்து இரண்டாவதாக நின்றவன்