ஆண்டறிக்கை: ஃப்ராக் ரேக்கோடு போன வருடம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலாளரின் வணக்கம். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன, அதில் இரண்டில் மட்டும் ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி இடம் முழுவதையும் ஃப்ராக் ரேக்குக்கே, அதாவது வளர்ப்புக்காக வெட்டிய பவளத் துண்டுகளை (ஃப்ராக்) நிறுத்தி வைக்கும் தட்டுக்கே கொடுக்கிறேன், ஏனென்றால் இந்த வருடம் நாம் உருப்படியாகச் செய்த வேலை அதுதான், சொதப்பியதும் அதில்தான்.

சங்கத்தின் பொது உப்புநீர்த் தொட்டியில் பவளத் துண்டுகளை மணலில் குத்தி வைத்திருந்தோம். ராத்திரி ஹெர்மிட் நண்டு ஏறி மிதித்துவிட்டுப் போகும், காலையில் பார்த்தால் துண்டு முகம் குப்புறக் கிடக்கும். ஒரு ஹாமர் பவளம் உருண்டு போய்ப் பக்கத்தில் இருந்த ஸோவாக்களை (பவளத்தைப் போலவே வளர்க்கும் சின்னப் பூ மாதிரி உயிர்கள்) விஷக் கைகளால் கொட்டி வைத்த பிறகுதான் ரேக் செய்வோம் என்று முடிவானது.

முதல் ரேக் எக் கிரேட்டில். விளக்குக்கு அடியில் ஒளியைப் பரப்பப் போடுகிற வெள்ளை பிளாஸ்டிக் கட்டம்தான், கட்டம் ஒன்று ஏறக்குறைய அரை அங்குலம், பவளத் துண்டை ஒட்டி வைக்கும் பிளக் என்ற சின்ன அடிக்கட்டையின் காம்பு அதில் இறங்கி நின்றுகொள்ளும். கட்டிங் பிளேயரால் வெட்டும்போது சில்லுகள் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிவிசி பைப்பில் நாலு கால், நைலான் டையால் கட்டு, அவ்வளவுதான் வேலை. கால்களின் இரண்டு முனையிலும் மூடி போட்டிருந்தோம், பார்க்க அழகாக இருக்கும் என்று. உள்ளே காற்று அடைபட்டு, தண்ணீரில் இறக்கியதும் ரேக் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு காலிலும் மேலே ஒன்று கீழே ஒன்று ஓட்டை போட்டதும் குமிழி விட்டுக்கொண்டே அடங்கி உட்கார்ந்தது. அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கட்டத்தின் மூலைகளில் பாசி பிடித்தால் பல் துலக்கும் பிரஷ்கூட உள்ளே போகாது.

அதனால் இரண்டாவது ரேக்கை 6 மி.மீ. அக்ரிலிக்கில் செய்தோம். இங்கே பொறுமைதான் முக்கியம். பாதுகாப்புத் தாளை உரிக்கக் கூடாது, அடியில் மரத்துண்டை வைத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும், ஸ்டெப் பிட் (படிப்படியாகத் தடிக்கும் டிரில் முனை) போட்டு மெதுவாக இறக்க வேண்டும், பிட் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் அந்தக் கடைசி நொடியில் அழுத்தவே கூடாது. 24 ஓட்டைகளில் 23-வதில் அழுத்திவிட்டோம். ‘டக்’ என்று ஒரு சத்தம், ஓரத்திலிருந்து ஓட்டை வரை நூல் மாதிரி ஒரு விரிசல். யார் கையில் டிரில் இருந்தது என்பதை இந்த அறிக்கை சொல்லாது. அடுத்த ஷீட்டில், முதலில் வீண் துண்டில் ஓர் ஓட்டை போட்டு பிளக்கை நுழைத்துப் பார்த்தோம், ஏனென்றால் காம்பின் தடிமன் எல்லா பிளக்கிலும் ஒன்றாக இருப்பதில்லை. இன்னொரு விஷயம், இடைவெளி. பேராசையில் ஓர் அங்குலத்துக்கு ஓர் ஓட்டை போட்டுவிட்டு, இப்போது ஒன்று விட்டு ஒன்றில்தான் துண்டு வைக்கிறோம். ஹாமர் மாதிரியான யூஃபிலியா வகைப் பவளங்கள் ராத்திரி நீட்டும் கைகளுக்கு அதுவும் போதாது, அவற்றை ஓரத்தில் தனியாக வையுங்கள்.

இனி காந்தம். இது முழுக்க என் தப்பு. கால் வேண்டாம், ரேக் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டி நிற்கட்டும் என்று நியோடிமியம் காந்தம் வாங்கச் சொன்னதும் நான்தான், காந்தத்தின் மேல் தண்ணீர் படாமல் இருக்க எபாக்சி பிசின் ஒரு பூச்சு போதும் என்று சொன்னதும் நான்தான். பூச்சில் ஊசி முனை அளவு துளை இருந்திருக்கிறது, ஆறு வாரத்தில் காந்தத்திலிருந்து கண்ணாடி வழியாகப் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்தது. எடுத்துப் பார்த்தால் துரு உப்பி எபாக்சியே பிளந்திருந்தது. இந்தக் காந்தங்களின் நிக்கல் முலாமுக்கு அடியில் பெரும்பாலும் செம்பும் இருக்கும், நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம். அன்றைக்கே தண்ணீர் மாற்றி, தண்ணீரைச் சுத்தப்படுத்தக் கார்பன் போட்டோம். காந்தம்தான் வேண்டும் என்பவர்கள் அதை அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து எல்லாப் பக்கமும் அடைத்து, தனிக் கிண்ணத்தில் உப்புத் தண்ணீரில் சில வாரம் ஊறவிட்டுப் பார்த்த பிறகு தொட்டியில் போடுங்கள். என்னைக் கேட்டால் கால் வைத்த ரேக்கே போதும்.

ரேக் வந்ததும் எல்லோரும் துண்டுகளை மேல் தட்டிலேயே அடுக்கினார்கள். மேலே வெளிச்சம் அதிகம், நாலு துண்டு வெளுத்தது. புதிதாக வருவது எதுவானாலும் முதல் இரண்டு வாரம் கீழ்த்தட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே. காளான் பவளத்துக்கும் ஸோவாவுக்கும் பார் (PAR, பவளத்துக்குப் பயன்படும் ஒளியின் அளவு) 50 முதல் 100 வரை இருந்தாலே தாராளம், அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்துக்குத்தான் 200-க்கு மேல் வேண்டும்.

கோரலைன் என்ற கெட்டியான பாசி ஏறிய ரேக்கை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டால் போதும், அது சுண்ணாம்பு என்பதால் கரைந்து வந்துவிடும். ஸோவா ஒட்டியிருக்கும் ரேக்கை மட்டும் வெறுங்கையால் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஸோவாவின் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் இருக்கிறது, அது ஆவியோடு மூச்சில் போனால் ஆஸ்பத்திரிதான். கையுறையும் கண்ணாடியும் அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கின்றன.

வரும் வருடம் மூன்றாவது ரேக் செய்யத் திட்டம். ஷீட் வந்துவிட்டது. சங்கத்தின் ஸ்டெப் பிட்டைத்தான் காணவில்லை. எடுத்துப் போனவர் அடுத்த கூட்டத்துக்குள் மேசை மேல் வைத்துவிடவும், கேள்வி எதுவும் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்