இரண்டு பேர் உட்கார ஒரு மேசை வேண்டும்

வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. காட்பாடியில் இருந்து எழுதுகிறேன். போன மாதம் என் அப்பாவின் கைக்கடிகாரத்தை இணையத்தில் விளம்பரம் கொடுத்து விற்றேன். விற்று முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் நான் பட்ட பயம் கொஞ்சமல்ல. வாங்க வந்த நல்ல மனிதரும் அதே அளவு பயந்தார். உங்கள் துறை மனம் வைத்தால் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு இந்தப் பயத்தைப் போக்கலாம். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அப்பா ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். பிறகு பதினோரு வருஷம் ஜெத்தாவில் இருந்தார். 1994-ல் ஊரோடு வந்துவிடுவது என்று முடிவு செய்தபோது, தனக்கென்று அவர் வாங்கிய ஒரே பொருள் அந்த ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட். ஸ்டீலும் 18 காரட் தங்கமும் சேர்ந்தது; மாடல் எண் 16233. கல்யாணம் காதுகுத்துக்கு மட்டும்தான் கட்டுவார். கையில் கட்டாமல் வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும் ஆட்டோமேட்டிக் வாட்ச் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பீரோவைத் திறந்து, சாவி கொடுத்து, நேரம் வைத்து, காதில் ஒருமுறை வைத்துக் கேட்டுவிட்டு மறுபடி உள்ளே வைப்பார்.

அவர் போன பிறகு நாங்கள் மூன்று பிள்ளைகள். வீட்டைப் பங்கு பிரிக்கலாம், நகையை நிறுத்துப் பிரிக்கலாம். கடிகாரத்தை எப்படிப் பிரிப்பது? "வித்துட்டு ஆளுக்குச் சமமா எடுத்துக்குங்க, அது வீட்ல இருந்தா ஒருத்தர் மனசு ஒருத்தருக்கு ஆகாம போயிடும்" என்று அம்மாதான் சொன்னார். சென்னையில் விசாரித்த கடைகள் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. நேரடியாக விற்போம் என்று படம் எடுத்துப் போட்டேன்.

முதல் அழைப்பு அன்று மாலையே வந்தது. ராணுவ அதிகாரி என்றார். விலை பேசவே இல்லை. "க்யூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்றார். பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பின் போட்டால் நம் கணக்கில் இருந்துதான் பணம் போகும். இது எனக்குத் தெரிந்திருந்ததால் தப்பித்தேன். இன்னொருவர் பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பி, டிரைவர் வந்துகொண்டிருக்கிறார், பொருளைக் கொடுத்துவிடுங்கள் என்றார். என் கணக்கில் ஒரு ரூபாய் வரவில்லை.

என்னை உலுக்கியது மூன்றாவது அழைப்பு. கோயம்புத்தூரில் இருந்து ஒரு தம்பி. "சார், உங்க வாட்சுக்கு இருபதாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டேன், எப்ப அனுப்புவீங்க?" நான் அவரிடம் பேசியதே இல்லை. என் படங்களை எடுத்து வேறு யாரோ வேறு பெயரில் விளம்பரம் போட்டிருக்கிறார்கள். தனக்கு வந்த படத்தை அந்தத் தம்பி அனுப்பினார். செயினின் பூட்டில் அப்பா காலத்தில் விழுந்த கீறல் அப்படியே தெரிந்தது. சந்தேகம் வந்து படத்தைத் தேடிப் பார்த்தபோதுதான் அவருக்கு என் விளம்பரமும் என் எண்ணும் கிடைத்திருக்கிறது. உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள், பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வழி உண்டு என்றேன். பணம் கட்டி ஆறு நாள் ஆகியிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அப்பாவின் கடிகாரத்தைக் காட்டி ஒருவரை ஏமாற்றியிருக்கிறார்கள். விளம்பரத்தை எடுத்துவிட்டு, தேதி எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, வாட்சின் சீரியல் எண் தெரியாதபடி மறுபடி படம் எடுத்துப் போட்டேன்.

நான்காவது ஆள் சித்தூர்க்காரர். ஒழுங்கான கேள்விகள் கேட்டார். வாங்கியபோது கொடுத்த உறுதிச்சீட்டு (வாரண்டி) இருக்கிறதா, பாலிஷ் போட்டதா, கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது. நேரில் பார்க்க வேண்டும் என்றார். எங்கே சந்திப்பது என்பதில்தான் இருவரும் மாட்டிக்கொண்டோம். அவர் வீட்டுக்கு நான் போகத் தயங்கினேன். என் வீட்டுக்கு வர அவர் தயங்கினார். ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான விலை. ரொக்கமாக வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடுத்திருக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கு அபராதம், அதுவும் வாங்கியவர் தலையில். இது பலருக்குத் தெரியாது. ரொக்கமாக முடித்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் உண்டு.

கடைசியில் லாங் பஜார் பக்கம் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான வாட்ச் ரிப்பேர் பாய் கடையில் சந்தித்தோம். பாய் செயினைக் கழற்றினார். அந்தக் காலத்து ரோலெக்ஸில் எண் அங்கேதான் இருக்கும்: பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல் எண், ஆறு மணிப் பக்கம் அந்த வாட்சுக்கே உரிய சீரியல் எண், ஓர் எழுத்தும் ஆறு இலக்கமும். உறுதிச்சீட்டில் அதே எண் துளைத்துளையாகக் குத்தியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு பின்மூடியைத் திறந்தார். உள்ளே அந்த மாடலில் இருக்க வேண்டிய, 3135 என்று எண் போட்ட மிஷின், சிவப்பு நிறச் சக்கரங்கள். "மிஷினு பொய் சொல்லாது தம்பி" என்றார். சித்தூர்க்காரர் முகம் அப்போதுதான் தெளிந்தது. ஆனால் அதற்குள் கடைவாசலில் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். விலை எவ்வளவு என்று ஒருவர் சத்தமாகக் கேட்டார். அவசரமாகச் செயினை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

பக்கத்தில் காவல் நிலையம் இருந்தது. எந்த நிலையம் என்று இங்கே எழுதவில்லை; யார் மீதும் புகார் சொல்ல இதை எழுதவில்லை. வராந்தாவில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பணம் அனுப்பிக்கொள்ளலாமா என்று கேட்டோம். "வாட்சா? யாருது? திருட்டுப் பொருளா?" என்ற கேள்விதான் வந்தது. உறுதிச்சீட்டைக் காட்டினேன், வாரிசுச் சான்றைக் காட்டினேன். இதெல்லாம் இங்கே செய்யக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் காவலரைக் குறை சொல்ல மாட்டேன். இப்படி ஒரு வேலைக்கு யாரும் அவரிடம் வந்திருக்க மாட்டார்கள். வந்தால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லியும் இருக்க மாட்டார்கள்.

என் கணக்கு இருக்கும் வங்கியின் மேலாளர் ஒரு மேசையைக் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து ஆர்டிஜிஎஸ்-ல் பணம் வந்தது. பத்திரத்தில் இருவர் பெயர், விலாசம், மாடல் எண், சீரியல் எண், தொகை, பரிமாற்ற எண் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். சித்தூர்க்காரர் கையில் கட்டிக்கொண்டதும் அவர் மனைவியிடம் இருந்து போன் வந்தது. காலையில் இருந்து அது ஏழாவது முறை. "ஒண்ணும் இல்ல, பேங்க்ல இருக்கேன்" என்று தெலுங்கில் சொன்னார். பேங்க் என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பக்கம் குரல் தணிந்தது எனக்கே கேட்டது.

ஐயா, அந்த அம்மாவுக்குக் காவல் நிலையம் என்ற சொல்லும் அதே நிம்மதியைத் தர வேண்டும்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு உட்கோட்டத்திலும் ஏதாவது ஒரு நிலையத்தில், கேமரா பார்வையில், ஒரு மேசை. வாரத்தில் இரண்டு நாள் இரண்டு மணி நேரம் போதும். விலைக்கோ தரத்துக்கோ காவலர் பொறுப்பேற்க வேண்டாம். இருவரின் அடையாள அட்டையும் பொருளின் சீரியல் எண்ணும் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டால் போதும். திருட்டுப் பொருள் கொண்டுவருபவன் அந்த மேசைக்கு வரவே மாட்டான். அமெரிக்காவில் பல ஊர்களில் காவல் நிலையங்களே இப்படி இடம் ஒதுக்கியிருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு, அதுதான் இதற்கு அடித்தளம். திருட்டுப் புகாரில் கைக்கடிகாரத்தின் எண்ணையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். என் சித்தப்பா மகன் வீட்டில் திருட்டுப் போனபோது புகாரில் 'வாட்ச் ஒன்று' என்று மட்டும்தான் இருந்தது. எண்ணை அவனும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கைபேசி தொலைந்தால் அதன் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை வைத்து நாடு முழுக்க முடக்க இன்று வழி இருக்கிறது. கைக்கடிகாரத்துக்கும் எண் இருக்கிறது, தேடத்தான் இடமில்லை. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேறு நிர்வாகம். கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டினால் ஆந்திரா. எண்ணை எழுதி வைத்து அக்கம்பக்க மாவட்டங்களுக்கும் அனுப்பினால்தான் பாய் போன்ற ஒருவர் பின்மூடியைத் திறக்கும் முன்பே தெரிந்துகொள்ள முடியும். தெரியாமல் திருட்டுப் பொருளை வாங்கியவர் பொருளையும் இழந்து, விசாரணைக்கும் அலைவது அப்போதுதான் குறையும்.

நேற்று சித்தூர்க்காரர் கூப்பிட்டார். அவருடைய நண்பர் ஒருவர் குடியாத்தத்தில் ஒமேகா வாட்ச் ஒன்று வாங்கப்போகிறார். விற்பவர் கணவரை இழந்த ஒரு அம்மா, வீட்டில் தனியாக இருக்கிறார். எங்கே சந்திக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்கிறார். வங்கிக்குப் போங்கள் என்றேன். சனிக்கிழமைதான் வர முடியும், அன்று இரண்டாவது சனி, வங்கி இருக்காது என்கிறார்.

நான் அவர்களை எங்கே போகச் சொல்லட்டும் ஐயா?

இப்படிக்கு,
அப்பாவின் கடிகாரத்தை விற்ற ஒரு மகன்,
காட்பாடி