சைகை எங்கே போயிற்று?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காது கேளாத, வாய் பேச இயலாத ஒருவரே நேரில் கண்ட ஒரே சாட்சி என்ற வழக்கு விடுதலையில் முடிந்தால், "சைகையை நம்பி எப்படித் தண்டிப்பது?" என்று பேசிக்கொள்கிறார்கள். சட்டத்துக்கு அந்தச் சந்தேகமே இல்லை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 119ஆம் பிரிவில், நீதிமன்றத்தில் எழுத்தாலோ சைகையாலோ சொல்வதை வாய்மொழிச் சாட்சியமாகவே ஏற்றது. 2013 திருத்தம் மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியரின் உதவியையும் வீடியோ பதிவையும் சேர்த்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் இது 125ஆம் பிரிவு.

சறுக்குவது பதிவில்தான். ராஜஸ்தான் கொலை வழக்கொன்றில் 2012இல் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதிசெய்தபோது காட்டிய குறைகளைப் பாருங்கள்: சாட்சியின் தந்தையே மொழிபெயர்த்தார், புலன்விசாரணைக்கும் அவரே உதவியிருந்தார், உறுதிமொழி எடுக்கவில்லை. சைகைக்கு அவர் சொன்ன பொருள் ஏட்டில் ஏறியது, சைகை ஏறவில்லை.

சைகையையே எழுதிவைப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஓர் உதாரணம் சொல்கிறேன். சாட்சி விரலை வளைத்து, மேலிருந்து கீழாக இழுத்துக் காட்டுகிறார். மொழிபெயர்ப்பவர் "கத்தி" என்கிறார், அதுவே தட்டச்சாகிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கை அரிவாள் வெட்டு என்கிறது. குறுக்கு விசாரணையில் சாட்சி பொய்யராகிறார். அவர் காட்டியதோ அரிவாளின் வளைவு! "வலது ஆள்காட்டி விரலை வளைத்து, தோளுயரத்திலிருந்து கீழே இழுத்தார்" என்று எழுதியிருந்தால் அந்த முரண்பாடே எழாது.

தலையசைப்பு இன்னொரு பொறி. "கேள்வியைக் கவனிக்கிறேன்" என்பதற்கும் தலையை ஆட்டுவார்கள். அது "ஆமாம்" என்று பதிவாகிவிடும். ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளைக் குறைத்து, "பிறகு என்ன நடந்தது, காட்டுங்கள்" என்று கேட்பது உத்தமம். யார் யாரை அடித்தார் என்பதையும் பல சமயம் கை நகரும் திசைதான் சொல்லும். அதைத் தவறவிட்டால் அடித்தவரும் அடிபட்டவரும் இடம் மாறிப்போவார்கள்.

எழுதத் தெரிந்தவர் என்றால் எழுதச் சொல்வதே மேல் என்கிறது அதே தீர்ப்பு. எனக்கு இதில் சிறு தயக்கம் உண்டு. சைகையையே முதல் மொழியாகக் கொண்டவர்கள் தமிழில் எழுதும்போது வேற்றுமை உருபு விடுபடலாம். "அண்ணன் தம்பி வெட்டினான்" என்று எழுதினால் வெட்டியது யார்? எழுதியதைச் சைகையிலும் காட்டச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

பள்ளிக்கே போகாதவர்களிடம் பெரும்பாலும் இந்தியச் சைகை மொழி இருக்காது, வீட்டுச் சைகைதான். அது பெரும்பாலும் உறவினருக்கு மட்டுமே புரியும். அப்போது வழக்கில் தொடர்பில்லாத உறவினர் ஒருவரும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்து உட்கார வேண்டும், இருவருமே உறுதிமொழி எடுக்க வேண்டும். சாட்சியத்துக்கு முன் வழக்குக்குச் சம்பந்தமில்லாத நாலைந்து விஷயங்களைப் பேசவைத்து, புரிதல் சரியா என்று நீதிபதி பார்த்துக்கொள்ளலாம்.

கேமரா விஷயத்திலும் கவனம் வேண்டும். சாட்சியின் முகமும் இரு கைகளும் இடுப்புவரை சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். கேள்வியைச் சைகையாக்குபவர் மீது இரண்டாவது கேமரா. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் காட்டினாரா என்பது அதில்தான் தெரியும். எதிர்த்தரப்பு தன் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு சோதிக்கவும் மேல்முறையீட்டு நீதிபதி நேரில் பார்க்கவும் அந்த வீடியோ ஒன்றே வழி. கைகள் மேசைக்குக் கீழே மறைந்த பதிவை வைத்து எதைச் சோதிப்பது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்