சனிக்கிழமை பழமொழி வகுப்பு

பெற்றோருக்கு வணக்கம். சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பிள்ளைகளுக்குப் பழமொழி வகுப்பு. பொருளை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று தடங்கலின்றி ஒப்பிக்கும் பிள்ளைகள் பலருக்கு ஆடி எப்போது வரும், அப்போது என்ன விதைப்பார்கள் என்று தெரிவதில்லை. அதனால் அவரை, பூசணி, பீர்க்கு விதைகள் கொண்டுவருகிறோம். பிள்ளைகளே தொட்டியில் ஊன்றட்டும்.

தாத்தா பாட்டியிடம் ஒரு பழமொழி கேட்டு, எந்தச் சமயத்தில் அதைச் சொல்வார்கள் என்பதையும் எழுதி வரச் சொல்லுங்கள். பேச்சுவழக்கில் இருந்தாலும் சரி, திருத்த வேண்டாம்.

அப்புறம், சாதியையோ பெண்களையோ இழிவுபடுத்தும் பழமொழி வந்தால் மறைக்காதீர்கள். அதைப் பற்றியும் பிள்ளைகளோடு பேச வேண்டும். வர முடியாதவர்கள் வெள்ளி மாலைக்குள் குழுவில் தெரிவியுங்கள்.