நம் மன்றத்தின் ஆண்டறிக்கை: பெருமையை யார் சொல்வது?

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், மஞ்சள் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒன்றுகூட விடாமல் நடந்தன. வைகாசியில் மட்டும் முகூர்த்தங்கள் குறுக்கிட்டதால் ஒரு வாரம் தள்ளிப்போனது. நூலகத்துக்கு இரண்டு அலமாரிகள் வந்துள்ளன. கொடுத்தவர்கள் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றதெல்லாம் பொருளாளர் கணக்கில் வரும்.

நான் சொல்ல நினைப்பது ஆனி, ஆடி, ஆவணி மூன்று கூட்டங்களையும் எடுத்துக்கொண்ட ஒரே கேள்வியைப் பற்றி. ஒருவருடைய பெருமையைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் கூட வாழ்ந்தவர்களா, பின்னால் வருகிறவர்களா?

ஆனிக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே பக்கம் பேசினோம். காலிங்கராயன் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துகொண்டு வேறு எப்படிப் பேசுவது? 13-ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றில் அணை கட்டி அவர் வெட்டிய வாய்க்கால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடி இன்றும் பாய்கிறது. அந்தக் காலத்தில் அவரை யார் ஏசினார்கள், யார் புகழ்ந்தார்கள் என்று தேடிப்போக வேண்டியதில்லை. இத்தனை தலைமுறை விளைச்சலே பதில்.

ஆடியில்தான் பேச்சு சூடு பிடித்தது. பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்தபோது, 1966-ல் மெக்சிகோவிலிருந்து உரம் போட்டால் அதிகம் விளையும் குட்டை ரகக் கோதுமை விதையை 18,000 டன் வரவழைத்தார். அதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் அவரைத் தோற்கடித்ததும் நம் கொங்கு மக்கள்தான். அந்தத் தோல்விக்குக் கோதுமை காரணமில்லை. அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் வீசிய காலம் அது. 1968-ல் வட இந்தியாவில் கோதுமை வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களில் கொட்டினார்கள். 1998-ல் பாரத ரத்னா வந்தது. பார்த்தீர்களா, பின்னால் வந்தவர்கள்தான் சரியாகச் சொன்னார்கள் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முடிக்கப் போனார்.

இயற்கை விவசாயம் செய்யும் இளைஞர் எழுந்தார். "எங்க தலைமுறை அவரை அப்படிப் பார்க்கலீங்க. உரம் போட்டுப் போட்டு எங்க தோட்டத்துல மண்புழுவே இல்லீங்க" என்றார். பின்வரிசையிலிருந்து எண்பது தாண்டிய பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "அது சரி கண்ணு. அதுக்கு முந்தி அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த கோதுமைக்குப் பையைத் தூக்கிட்டு வரிசையில நின்னவன் நான். நீ நிக்கல." மன்றமே அமைதியாகிவிட்டது.

இருவரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். எனக்கு அன்றுதான் ஒன்று உறைத்தது. பின்வரும் தலைமுறை என்பது ஒரே நீதிபதி இல்லை. மகன் ஒரு தீர்ப்பு எழுதுகிறான், பேரன் அதைத் திருத்துகிறான். பசியைப் பார்த்தவர்கள் போன பிறகு, பசி தீர்த்தவரை எடைபோடுகிறவர் தராசில் ஒரு தட்டு காலியாகவே இருக்கும்.

ஆவணிக்குக் கணித மேதை ராமானுஜனை எடுத்தோம். 1887-ல் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர். அவரை அவர் காலமே அறிந்துகொண்டது. 1913-ல் வந்த கடிதத்தைப் படித்தே கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டி அடையாளம் கண்டார். ஆனால் 1920-ல் இறப்பதற்கு முந்தைய கடைசி ஓராண்டில் எழுதிய தாள்கள் கைமாறிக் கைமாறி வாட்சன் என்ற கணிதப் பேராசிரியர் வீட்டுக்குப் போயின. அவர் 1965-ல் காலமானார். அறை முழுக்க ஓரடி உயரத்துக்குக் காகிதம். பழைய ரசீதும் வரிக் கணக்கும் கணிதமும் கலந்து கிடந்தன. சில நாளில் எரித்துவிட இருந்தார்கள். பார்க்க வந்த இன்னொரு பேராசிரியர் கைவிட்டு எடுத்ததில் ராமானுஜன் தாள்கள் வந்தன. அவை கேம்பிரிட்ஜ் நூலகத்துக்குப் போய், 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் கண்ணில் பட்டன. அதிலிருந்த போலித் தீட்டா சார்புகள் என்ற ஒருவகைக் கணிதக் கோவைகளின் உட்பொருள் 2002-ல்தான் விளங்கியது. அந்தக் கை வேறு பக்கம் போயிருந்தால், எந்தத் தலைமுறை எதை வைத்துப் பெருமை பேசியிருக்கும்?

இதைப் பேசிவிட்டு நாம் செய்ததையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் மதகு திறந்து அடைக்கும் வேலை பார்த்த பெரியவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் தண்ணீர் வந்த நாள், முறை யாருக்கு, எங்கே கரை உடைந்தது என்று நோட்டுகளில் எழுதிவைத்திருந்தார். ஒரு நோட்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். காப்பிப்பொடிக் கடை காலண்டரில் அட்டை போட்டு, நீல மையில் பொடிப்பொடியான எழுத்து. "ஜெராக்ஸ் எடுத்துக்குங்க தம்பி" என்றார். ஆகட்டும் ஐயா என்றேன். அறுவடை வந்தது, நோன்பி வந்தது. ஐப்பசியில் அவர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து போய்க் கேட்டபோது, வீட்டைக் காலி செய்கையில் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டு வாங்காதது என் தவறு. அவர் பெரிய மனிதரா என்று நம் பேரன்கள் கேட்டால், காட்ட நம்மிடம் ஒரு தாளும் இல்லை.

அதனால் கார்த்திகைச் செயற்குழுவில் முடிவு செய்தபடி, புது அலமாரிகளில் ஒன்று கையெழுத்து நோட்டுகளுக்கு மட்டும். கணக்கு நோட்டு, கடிதம், நாட்குறிப்பு, கும்மிப்பாட்டு எழுதிய தாள் எதுவானாலும் கொண்டுவாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். எழுதத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். செல்போனோடு நாங்களே வருகிறோம். முதல் ஆளாக, வரிசையில் நின்ற கதையைச் சொன்ன பெரியவரிடம் தை பிறந்ததும் போகிறேன். நாள் குறித்தாயிற்று.

அடுத்து, பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.