சமையல் குறிப்பில் தீயையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இணைப்புகளில் பார்பிக்யூ செய்முறை வரும்போதெல்லாம் ஒரு குறை கண்ணில் படுகிறது. இஞ்சி பூண்டு விழுது எத்தனை கரண்டி, தயிர் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று பத்து வரி இருக்கும். கடைசியில் "கரி அடுப்பில் வாட்டி எடுக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வெளியே கருகி, எலும்போரம் பச்சையாக நிற்கும் கோழிக்கால் பிறப்பது அந்த ஒரு வரியில்தான். பெங்களூரில் இப்போது சனிக்கிழமை மாலையானால் மொட்டை மாடிகளில் புகை கிளம்புகிறது. மசாலா யாருக்கும் தவறுவதில்லை, தீதான் தவறுகிறது. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். (கரி எல்லாம் கறி என்று அச்சாகிவிடாமல் பிழை திருத்துபவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

முதலில் கரி வாங்குவது. விறகுக் கடையில் கன்னடத்தில் "இத்திலு" என்று கேட்டால் கொடுப்பார்கள். இன்னும் கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கும் இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டாலும் கடையைச் சொல்வார். தமிழ்நாட்டில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு (விறகை அடுக்கி மண்ணால் மூடி எரித்து) எடுப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலங்கரி. டெக்சாஸ்காரர்கள் மெஸ்கீட் என்று கொண்டாடும் மரமும் இதே இனம்தான். வயலைக் கெடுத்தது என்று நாம் திட்டும் மரத்தின் கரியை இறக்குமதிப் பொட்டலத்தில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. சூடு நன்றாக ஏறும். ஆனால் பற்றும்போது படபடவென்று பொறி தெறிக்கும், அது அடங்கும்வரை எட்டி நிற்பது நல்லது.

நல்ல கரி இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மொத்தென்று கேட்டால் ஈரம். உடைத்துப் பார்த்து நடுவில் பழுப்பாக இருந்தால் மூட்டத்தில் அது முழுதாக வேகவில்லை. எரியும்போது கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை விடும். மழை மாதங்களில் சாக்கில் கிடக்கும் கரி காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடுவதால், ஒருநாள் வெயிலில் காய வைத்து மூடி போட்ட டின்னில் வைக்க வேண்டும். கொட்டாங்குச்சிக் கரித்தூளை அச்சில் அழுத்திய கட்டிகளும் கிடைக்கின்றன. எல்லாம் ஒரே அளவு, நின்று எரியும், இறைச்சியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் புகைபோடும் வேலைக்கு ஏற்றவை. தீக்குச்சி காட்டியதும் பொறிபறக்கப் பற்றிக்கொள்ளும் ஹூக்கா வில்லைகள் வேண்டாம், அவற்றில் பற்றவைக்கும் ரசாயனம் கலந்திருக்கிறது.

பற்றவைக்க மண்ணெண்ணெய் கூடவே கூடாது. கரியின் நுண்துளைகளில் இறங்கிய எண்ணெய் முழுதாக எரிந்து போகாமல், வாடையாக இறைச்சியில் ஏறும். கற்பூரமும் அப்படித்தான். சிம்னி என்ற தகர உருளை ஒன்று இருந்தால் போதும். வாங்க மனமில்லாவிட்டால் பெரிய பால்பவுடர் டின்னின் இரண்டு பக்கத்தையும் வெட்டி, அடியிலிருந்து மூன்று அங்குலத்தில் குறுக்காக நாலைந்து கம்பி கோத்து, கம்பிக்குக் கீழே சுற்றிலும் எட்டு ஓட்டை போட்டுக்கொள்ளலாம். முதல் தடவை வெறும் கரி போட்டு எரித்து வெளிப் பெயின்ட்டைப் போக்கிவிட வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியை இதற்கு வெட்டாதீர்கள். கரிச் சூட்டில் அந்தப் பூச்சு ஆவியாகும், சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

மேலே கரி, கம்பிக்குக் கீழே கசக்கிய நாளிதழ்த் தாள் இரண்டு. அதில் ஒரு தேக்கரண்டி பழைய சமையல் எண்ணெய் தெளித்தால் தாள் சட்டென்று எரிந்து தீராமல் நின்று எரியும். (வழவழப்பான சினிமா இணைப்பு இதற்கு உதவாது, சாதாரணத் தாள்தான் எரியும்.) பதினைந்து இருபது நிமிடத்தில் மேல்வரிசைக் கரியும் சாம்பல் பூக்கும். அப்போது இடுக்கியால் பிடித்துக் கொட்டலாம். அதற்குமுன் அவசரப்பட்டு இறைச்சியை வைப்பதுதான் முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு. ஒரு கிலோ கோழிக்கு ஒன்றேகால் கிலோ மரக்கரி போதும்.

கொட்டும்போது பரப்பாதீர்கள். எல்லாக் கரியையும் அடுப்பின் ஒரு பாதியில் ஒதுக்கி, மறுபாதியை வெறுமையாக விடுங்கள். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் அச்சிட இடம் இருந்தால் இதை அச்சிடுங்கள். கரிக்கு நேர்மேலே சுடும் சூடு, வெறும் பக்கத்தில் வேகும் சூடு. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் துண்டைத் தள்ளி வைக்க ஓர் இடம் இருக்கும். தீ எழும்பியதும் தண்ணீர் தெளிப்பவர்கள் சாம்பலைக் கிளப்பி இறைச்சிமேல் பூசிக்கொள்கிறார்கள். மூடியைப் போட்டாலே காற்றில்லாமல் தீ தணிந்துவிடும். சூட்டை அளக்கக் கை போதும்: கம்பித் தட்டுக்கு மேலே, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் உள்ளங்கையைக் காட்டினால், இரண்டு மூன்று நொடியில் இழுத்துக்கொள்ள வைப்பது கடும் சூடு, நாலைந்து நொடி தாங்கினால் நடுத்தரம்.

குமுட்டி அடுப்பில் கம்பி வைத்துக் கபாப் சுடலாம், தவறில்லை. ஆனால் மூடி இல்லாமல் முழுக்காலை வேகவைக்க முடியாது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் 1952-ல் கடல் மிதவையின் உலோக உருண்டையை இரண்டாக வெட்டி உருவாக்கிய கெட்டில் அடுப்பு இன்றும் விற்பனையில் இருப்பதற்கு அதன் மூடிதான் காரணம். அடித்துளை காற்றை உள்ளே விடும், மேல்துளை புகையை வெளியேற்றும். மேல்துளையை முழுதாகத் திறந்து வைத்து, அடித்துளையால்தான் சூட்டை ஏற்றி இறக்க வேண்டும். திருகியவுடன் பலன் தெரியாது, பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் மறுபடி மறுபடி திருகுகிறவர்களுக்குச் சூடு ஒருபோதும் நிலைக்காது. "வெந்துவிட்டதா" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கினாலும் இதே கதிதான்.

பழகுவதற்கு ஏற்றது தொடையோடு சேர்ந்த முழுக்கால். நெஞ்சுக்கறி கொஞ்சம் கண்ணயர்ந்தால் காய்ந்துவிடும். கடைக்காரர் வழக்கப்படி தோலை உரித்துவிடுவார், "தோலோடு" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அன்றே வெட்டிய கறியை அன்றே சுடாமல் ஓரிரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைப்பு விட்டு மிருதுவாகும். உப்பை மட்டும் அந்த இரவே தடவுங்கள்: கிலோவுக்கு 15 கிராம், அதாவது தலைதட்டிய இரண்டரை தேக்கரண்டி தூள் உப்பு. எலுமிச்சை சுடுவதற்கு அரைமணி முன்னால் போதும், இரவெல்லாம் ஊறினால் சதை வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகும். பப்பாளிக்காய் விழுது சேர்ப்பவர்கள் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம் என்பதைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் கூழ்தான். தயிர் மசாலாவைக் கெட்டியாக அப்பி வைத்தால் அதுதான் முதலில் கருகும், வழித்துவிட்டு வையுங்கள். மூங்கில் குச்சி என்றால் அரைமணி தண்ணீரில் போட்டு எடுங்கள். மரக்குச்சி ஒடித்துச் செருகுகிறவர்கள் அரளி மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதன் எல்லாப் பாகமும் நஞ்சு.

கரியில்லாத பக்கத்தில் மூடிபோட்டு 35 முதல் 45 நிமிடம், பிறகு கரிக்கு மேலே பக்கத்துக்கு இரண்டு நிமிடம். இந்த வரிசையை மாற்றினால் கருகும். கோழி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும், கால் என்றால் 80-க்கு மேல் போனால்தான் எலும்பை விட்டுக் கறி கழலும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அது சரியா என்று கொதிநீரில் சோதிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். 100 காட்டவில்லை என்று கருவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஐஸ் தண்ணீரில் சுழியம் காட்டினால் போதும்.

இனி புகைபோடுவது. இதைச் சுடுவதன் நீட்சி என்று நினைத்து இறங்குகிறார்கள், இரண்டும் வேறு வேலை. அடுப்புக்குள் 110 முதல் 130 டிகிரி, மணிக்கணக்கில். கெட்டிலின் உள்சுவரை ஒட்டிக் கரிக்கட்டிகளை இரண்டு அகலம், இரண்டு உயரமாகப் பாம்புபோல முக்கால் வட்டம் அடுக்கி, ஒரு முனையில் மட்டும் கனிந்த கட்டி எட்டோ பத்தோ வைத்தால், தீ மெல்ல நகர்ந்துபோகும். மூன்று கிலோ கட்டி தேவைப்படும். மேலே கைமுட்டி அளவில் மூன்று நான்கு காய்ந்த மரத்துண்டு: கொய்யா, மா, புளி எதுவானாலும் சரி. யூகலிப்டஸ், பிசின் மரங்கள், பேக்கிங் பலகை, பிளைவுட், பெயின்ட் பட்ட கட்டை கூடாது. கட்டையை ஊறவைக்கச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். தண்ணீர் மேற்புறத்தில்தான் ஏறும், அது ஆவியாகி முடியும்வரை புகை தாமதமாகும், அவ்வளவுதான்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். ஊதுபத்திப் புகைபோல மெல்லியதாக, நீலச் சாயலோடு வந்தால் சரி. பஞ்சுபோல வெள்ளையாகத் திரண்டு வந்தால் கட்டை மூச்சுத்திணறி எரிகிறது, அந்தக் கரிப்பசை இறைச்சியில் படிந்து நாக்கைக் கசக்க வைக்கும். நிறையப் புகை என்றால் நிறைய ருசி என்பது தப்புக் கணக்கு. துளையைத் திறந்துவிட்டு, புகை தெளிந்த பிறகே இறைச்சியை வைக்க வேண்டும்.

பன்றியின் தோள்பட்டைக் கறி இரண்டு கிலோ என்றால் ஏழெட்டு மணி நேரம். உள்சூடு 65-லிருந்து 75-க்குள் எங்கோ வந்து நின்றுவிடும், ஒரு மணி, இரண்டு மணி அசையாது. வேர்வை உடலைக் குளிர்விப்பதுபோல மேற்புறத்தில் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதுதான் காரணம். இங்கேதான் பயந்துபோய்க் கரியைக் கூட்டிக் கெடுக்கிறார்கள். காத்திருக்கலாம், அல்லது வாழையிலை இரண்டு சுற்று, அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றித் திரும்ப வைக்கலாம். 95-ஐ ஒட்டி, வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோலக் கம்பி இறங்கினால் முடிந்தது. வெள்ளாட்டு முன்தொடையில் கொழுப்பு குறைவு. இரண்டு மணி நேரம் புகை, பிறகு கால் டம்ளர் எலும்பு ரசமும் கொஞ்சம் நெய்யும் விட்டுப் பொதிந்து இன்னும் இரண்டு மணி. கோழியைப் புகைபோட்டால் தோல் ரப்பராகிறது என்பார்கள். சூடு போதாததுதான் காரணம், கோழிக்கு அடுப்புச் சூட்டை 160 டிகிரி வைக்கலாம். வெதுவெதுப்பான புகையில் நாள்கணக்கில் தொங்கவிட்டுப் பதப்படுத்தும் முறையை மட்டும் வீட்டில் தொடங்காதீர்கள். 5-க்கும் 60 டிகிரிக்கும் நடுவே இறைச்சி கிடக்கும் நேரமெல்லாம் கிருமிக்கு விருந்து.

கடைசியாக, அச்சில் தவறாமல் வர வேண்டியது. திடீரென்று மழை பிடித்தால் அடுப்பைத் தூக்கிப் பால்கனிக்குள் வைத்துக் கண்ணாடியைச் சாத்தும் பழக்கம் இருக்கிறது. கனியும் கரி கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மணமில்லை, புகை அடங்கிய பின்னும் வரும். மழை வந்தால் எல்லாத் துளையையும் மூடியையும் அடைத்து, அடுப்பை வெளியிலேயே விட்டுவிட்டு, பாதி வெந்த கறியைக் குக்கருக்கு மாற்றிவிடுங்கள். மாடியின் நீர்க்காப்புப் பூச்சு உருகாமல் இருக்க அடியில் செங்கல் அடுக்குங்கள், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தள்ளி வையுங்கள், பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். துளைகளை அடைத்தால் அணைந்த கரி மிஞ்சும், அடுத்த வாரத்துக்கு ஆகும். சாம்பலை மட்டும் அன்றிரவே குப்பை வண்டிக்கான பையில் கட்டாதீர்கள். மேலே வெளுத்து ஆறியதுபோல இருக்கும், அடியில் நெருப்பு மறுநாள்வரை உயிரோடு கிடக்கும். மூடி போட்ட தகர டின்னில் 24 மணி நேரம் வைத்து, தண்ணீர் ஊற்றிக் கிளறிய பிறகே அது குப்பை.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர்,
பெங்களூரு